ஐஸ் வண்டிக்கு ஹேண்ட் கார்டு

எங்கள் கடைக்கு முதலாளி யார் என்று கேட்டால் ரயில்வே கேட் என்றுதான் சொல்வேன். நீடாமங்கலத்தில் கேட் சாத்தினால் சீக்கிரம் திறக்காது. சரக்கு வண்டி முன்னே போகும், பின்னே வரும், நடுவில் நின்று யோசிக்கும். அதுவரை பைக்கில் காத்திருப்பவர்கள் வேறு வேலையில்லாமல் பக்கத்தில் இருக்கும் எங்கள் கடையைப் பார்ப்பார்கள். பார்த்துக்கொண்டே இருந்தால் ஏதாவது ஒன்று தேவை என்று தோன்றிவிடும். கண்ணாடி, சீட் கவர், ஹாரன். நானும் என் கணவரும் பைக் உதிரிபாகக் கடை வைத்துப் பிழைப்பது அப்படித்தான்.

ஹேண்ட் கார்டும் அந்தப் பட்டியலில் ஒன்று. ஹேண்டில் பாரில் விரல்களுக்கு முன்னால் மாட்டுகிற பிளாஸ்டிக் தடுப்பு. ஆற்றங்கரைச் சாலைகளில் இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம் சாய்ந்து கிடக்கும். வேகமாகப் போனால் முள் விரலைக் கிழித்துவிடும். கார்டு இருந்தால் கிழிக்காது. ஆனால் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் முள் இருக்கிற பக்கமே போவதில்லை. வண்டிக்கு மீசை வைத்த மாதிரி இருக்கிறது என்று வாங்குகிறார்கள். நானும் நல்லா இருக்கு தம்பி என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

கடையில் என் கணவர் வைத்திருக்கும் சட்டங்கள் இரண்டு. முதலாவது, வாடிக்கையாளரிடம் ‘இல்லை’ என்ற சொல்லைச் சொல்லக் கூடாது. கடையில் அந்தச் சொல் விழுந்தால் சரக்கும் அப்படியே ஆகிவிடும் என்று அவர் நம்புகிறார். வியாபாரம் செய்கிற பலருக்கும் இந்த நம்பிக்கை உண்டு. கேட்ட பொருள் கைவசம் கிடையாதென்றால் “வரணும்” என்பார், “நாளைக்குப் பாருங்க” என்பார். வரவே வராத பொருள் என்றால் “அதவிட நல்லது ஒன்னு இருக்கு” என்று வேறொன்றை எடுத்து நீட்டுவார். விளக்கு வைத்த பிறகு இன்னும் கறார். ஒரு நாள் மாலை ஒருவர் சைக்கிள் பெல் கேட்டார். நான் யோசிக்காமல் இல்லை என்று சொல்லித் தொலைத்தேன். அன்றைக்குக் கடை சாத்தும் வரை என் கணவர் எனக்கு முகம் கொடுக்கவில்லை.

இரண்டாவது, புதிதாக வரும் எந்தப் பிளாஸ்டிக் சாமானையும் வெயிலில் போட்டுப் பார்க்காமல் விற்கக் கூடாது. முன்பொரு மழைக்காலத்தில் வாங்கி அடுக்கிய மட்கார்டெல்லாம் சித்திரையில் தொங்கிப்போய், வாங்கியவர்கள் கழற்றிக் கொண்டுவந்து மேசையில் போட்டுவிட்டுப் போனார்கள். அந்த அவமானத்தில் பிறந்த சட்டம் இது. எங்கள் கடையின் தகரக் கூரை அக்னி நட்சத்திரத்தில் தோசைக்கல்தான். சாமானை அதில் பரப்பிச் சில நாள் காயவிடுவார். பிறகு இறக்கிக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார், ஸ்பேனரால் நாலு தட்டுத் தட்டுவார். வளையாமல், விரியாமல் இருந்தால் பாஸ். கம்பெனி ஏஜெண்டுகள் “அண்ணே, வத்தல் காஞ்சிடுச்சா?” என்று கிண்டல் செய்வார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். சொல்லப்போனால், அந்தச் சோதனையில் தேறிய எதுவும் இந்த ஊரில் உடைந்து திரும்பி வந்தது கிடையாது.

என் தம்பி கனடாவின் வடகோடியில் வேலை பார்க்கிறான். ஃபைபர் கேபிள் அறுந்தால் போய் ஒட்டுகிற வேலை. கேபிளுக்குள் இருப்பது தலைமுடியை விட மெல்லிய கண்ணாடி இழை. முனையை முனையோடு சேர்த்து மெஷினில் வைக்க வேண்டும். விரல் நுனியில் உணர்ச்சி இருந்தால்தான் அந்த வேலை நடக்கும். அவனுக்கு இடக்கைப் பழக்கம். சாப்பிடுவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இடக் கையால்தான் செய்வான். எங்கள் அப்பாவும் அம்மாவும் ஊரார் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். அவனைப் பாலிடெக்னிக்கில் சேர்க்கக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனவர் என் கணவர். ஆகவே தம்பிக்கு மாமா சொன்னால் சொன்னதுதான். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

அங்கே குளிர்காலத்தில் ரோடு மூடிப்போகும், ஏரி உறைந்துவிடும். அதன் மேல் ஸ்னோமொபைலில்தான் போக வேண்டும். முன்னால் சறுக்குப் பலகை, பின்னால் ராணுவ டாங்கி மாதிரி ஒரு பெல்ட், பைக்கில் இருக்கிற மாதிரியே ஹேண்டில் பார். என் கணவர் அதற்கு ‘ஐஸ் வண்டி’ என்று பெயர் வைத்தார். மச்சினன் ஐஸ் வண்டி ஓட்டுகிறான் என்று அவர் கடையில் சொல்லப்போக, கனடாவுக்குப் போயும் குச்சி ஐஸா விற்கிறான் என்று கேட்டவர்கள் உண்டு.

முதல் குளிர்காலத்திலேயே தம்பியின் இடக்கை விரல்கள் உறைந்துபோயின. வண்டியில் இருந்த பழைய கார்டு உடைந்திருந்தது. கைப்பிடியில் சூடு வரும், கனமான உறையும் போட்டிருப்பான், ஆனாலும் ஓடுகிற வண்டியில் காற்று நேராக விரலில் அடித்தால் எதுவும் தாங்காதாம். அந்த முறை தோல் உரிந்ததோடு தப்பித்தான். ஒரு தடவை உறைந்த விரல் அடுத்த தடவை சீக்கிரம் உறைந்துவிடும், அப்போது விரல் மிஞ்சும் என்று உத்தரவாதம் தர முடியாது என்று அங்கே டாக்டர் சொல்லியிருந்தார். சித்திரையில் லீவில் வந்தபோது அவன் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். நான் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தேன். நுனியெல்லாம் புதுத்தோலாகச் சிவந்திருந்தது.

“போனதும் ஒரு ஹேண்ட் கார்டு வாங்கணும்க்கா” என்றான். சொன்ன இடம் தப்பு. எங்கள் கடைக்குள், என் கணவர் காதுபடச் சொன்னான்.

“ஹேண்ட் கார்டு வாங்கணுமா? எங்க வாங்கப்போற?” என்று எழுந்தே விட்டார். “ஹேண்டில் பார் என்ன கனம் மாப்ள?”

“நம்ம பைக் கனம்தான் மாமா.”

“அப்பறம் என்ன?”

மூன்று ஜோடி எடுத்து வைத்தார். ஒன்று மெல்லியது, கோடு கோடாகப் படம் ஒட்டியது. அதைத் தம்பியே வேண்டாம் என்றான். இன்னொன்று மஞ்சள், தடிப்பாக, செங்கல் மாதிரி விறைப்பாக இருந்தது. மூன்றாவது சாம்பல் நிறம், அகலமானது, கையில் எடுத்தால் ரப்பர் மாதிரி கொஞ்சம் வளைந்துகொடுத்தது. தம்பி அந்தச் சாம்பலை எடுத்துத் தன் விரல்களுக்கு முன்னால் வைத்துப் பார்த்தான். “இது காத்த நல்லா மறைக்கும் மாமா” என்றான். “இரு இரு, கூரை சொல்லட்டும்” என்றார் இவர்.

மஞ்சளும் சாம்பலும் கூரை ஏறின. அக்னி நட்சத்திரம், மேலே ஏறினால் கால் வைக்க முடியாது. லீவு முடிவதற்குள் அவர் அவற்றை இறக்கியபோது மஞ்சள் போட்டது போட்டபடி கிடந்தது. சாம்பல் நமத்துப்போன அப்பளம் மாதிரி சுருண்டிருந்தது. மஞ்சளை ஸ்பேனரால் ஓங்கித் தட்டினார். கீறல்கூட விழவில்லை. கேட்டுக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். என் கணவர் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு சாமானைப் பரிசோதித்து நான் பார்த்ததில்லை.

“அங்க வெயில் கெடையாதே மாமா” என்று தம்பி சிரித்துக்கொண்டே சொன்னான்.

“இந்த வெயிலத் தாங்குனது எதத் தாங்காது? எடுத்துட்டுப் போ.”

அவன் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரிந்த கஷ்டம் எல்லாமே வெயில்தான். பிளாஸ்டிக்குக்கு வேறொரு எதிரி இருக்கும் என்பது அந்தத் தெருவில் யாருக்கும் தோன்றவில்லை. சுருண்ட சாம்பலை அவர் மேசைக்குக் கீழே அட்டைப்பெட்டியில் போட்டார். மஞ்சளைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டுத் தம்பியின் பெட்டியில், பருப்புப்பொடிக்கும் மாவடுவுக்கும் நடுவில் வைத்து அனுப்பினோம்.

ஐப்பசியில் ஒரு போட்டோ வந்தது. வெள்ளை வெளேரென்ற இடத்தில் அந்த வண்டி, அதில் எங்கள் மஞ்சள் கார்டு, அதன் மேல் குங்குமப் பொட்டு அழியாமல். என் கணவர் அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, லேமினேஷன் செய்து, சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினார். கேட்டில் நிற்கிறவர்களுக்கு அதைக் காட்டுவது அவருக்குத் தினசரி வேலையானது. “நம்ம சரக்குதான். ஐஸ் மேல ஓடுது.” அந்த மஞ்சள் கார்டு சூடாக விற்றது. மழையில் நனைந்துகொண்டு வந்துகூட வாங்கினார்கள்.

தம்பி எங்கள் மாலை நேரத்தில், அதாவது அவனுடைய காலையில், வேலைக்குக் கிளம்புமுன் வீடியோவில் கூப்பிடுவான். ஒவ்வொரு தடவையும் இவர் கேட்கிற முதல் கேள்வி, “நம்ம கார்டு எப்படி இருக்கு மாப்ள?”

“கல்லு மாதிரி இருக்கு மாமா.”

“போட்டோ அனுப்பு.”

“அனுப்புறேன் மாமா.”

மார்கழி பிறந்ததிலிருந்து புதுப் போட்டோ எதுவும் வரவில்லை. வேலை அதிகம், இருட்டு, போன் பாட்டரி குளிரில் செத்துப்போகிறது என்று ஏதாவது சொல்வான். இவர் நம்பினார். நானும் நம்பினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

தை மாதத்தில் ஒரு காலை, முத்துப்பேட்டையிலிருந்து வந்த இறாலை ஃப்ரீசரிலிருந்து எடுத்தேன். பிளாஸ்டிக் டப்பாவோடு கட்டியாக உறைந்திருந்தது. எப்போதும் செய்கிற மாதிரி டப்பாவைத் தொட்டி விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினேன். மூலை பிஸ்கட் மாதிரி உடைந்து விழுந்தது. கொதிக்கக் கொதிக்கச் சாம்பார் ஊற்றிக் கடைக்குக் கொண்டுபோகிற டப்பா அது. எத்தனையோ முறை கீழே விழுந்தும் ஒன்றும் ஆகாத டப்பா. உடைந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த போட்டோ ஞாபகம் வந்தது.

அன்றைக்குக் கடைக்குப் போனதும் ஸ்டாக்கிலிருந்து ஒரு மஞ்சள் கார்டையும், மேசைக்கடியில் கிடந்த சுருண்ட சாம்பலையும் எடுத்துக்கொண்டு பக்கத்துக் கூல்பாருக்குப் போனேன். நாகூர்க்காரர் ஒருவர் நடத்துகிறார். அவரிடம் ஐஸ்கிரீம் வைக்கிற பெரிய ஃப்ரீசர் இருக்கிறது.

“பாய், சாயங்காலம் வரைக்கும் இத உள்ள வச்சிக்கிறேன்.”

அவர் கார்டையும் என்னையும் பார்த்தார். “என்னம்மா, ஐஸ்கிரீமுக்கு ஹேண்டில் பார் வரப்போவுதா?” என்றார். ஆனாலும் குல்ஃபியை ஒதுக்கி இடம் கொடுத்தார்.

சாயங்காலம் என் கணவர் டீக்குப் போயிருந்தபோது இரண்டையும் எடுத்து, கூல்பார் படியில் வைத்து, எங்கள் கடை ஸ்பேனராலேயே தட்டினேன். சாம்பல் ‘தொப்’ என்று ஒரு சத்தம் போட்டது, அவ்வளவுதான். மஞ்சள் ஒரே தட்டில் துண்டு துண்டாகச் சிதறியது. ஒரு துண்டு பாயின் கால் வரை போய் விழுந்தது. அவர் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

எங்கள் ஊர் ஐஸ்கிரீம் ஃப்ரீசரிலேயே இந்தக் கதி என்றால், எச்சில் துப்பினால் விழுமுன் உறைகிற ஊரில் அது எத்தனை நாள் நின்றிருக்கும்? அப்படியானால் கல்லு மாதிரி இருக்கிறது என்று அவன் ஏன் சொல்கிறான்? படியில் உட்கார்ந்து அதை யோசித்தபோதுதான் இன்னொன்று தட்டுப்பட்டது. தம்பி பேசும்போது போனை வலக் கையில் பிடித்துக்கொண்டு இடக் கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறவன். கொஞ்ச நாளாக அவன் வலக் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். போன் இடக் கையில் இருந்தது. போனைப் பிடித்திருக்கிற கை வீடியோவில் தெரியாது.

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு பேர் மேலும் வந்தது. ஒருவருக்கு மாப்பிள்ளை மேல் பாசம், இன்னொருவனுக்கு மாமா மேல் மரியாதை, நடுவில் அவன் விரல். இந்தப் பாசத்தையும் மரியாதையையும் தூக்கி ரயில்வே லைனில் போடலாம் போலிருந்தது. கூடவே, இதை இவரிடம் எப்படிச் சொல்வது என்று பயமாகவும் இருந்தது. அந்தத் தகரக் கூரை அவருக்குப் படித்த படிப்பு மாதிரி. அது பொய் சொல்லிவிட்டது என்று நான் போய்ச் சொல்ல வேண்டும்.

கடைக்குத் திரும்பியபோது அவர் வந்து விளக்கேற்றியிருந்தார். ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. கேட் சாத்தியிருந்தது, வெளியே பைக்குகள் வரிசையாக நின்றன. ஒருவர் உள்ளே வந்து மஞ்சள் கார்டு விலை கேட்டுக்கொண்டிருந்தார். நான் துண்டுகளை மேசை மேல் கொட்டினேன். பக்கத்தில் சாம்பலை வைத்தேன்.

“என்ன இது?”

“பாய் ஃப்ரீசர்ல வச்சி எடுத்தேங்க. ஒரே தட்டு.”

அவர் ஒரு துண்டை எடுத்தார். இன்னும் சில்லென்றிருந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், பழக்கம். பிறகு சாம்பலை எடுத்து வளைத்தார். அது வளைந்து, விட்டதும் பழையபடி வந்தது. சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்த போட்டோவைத் திரும்பிப் பார்த்தார். விலை கேட்டவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவரே போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டார். திரையில் தம்பி வந்தான். பின்னால் ஜன்னலில் இன்னும் இருட்டு. வலக் கையை ஆட்டி, “என்ன மாமா, சீக்கிரமாவே கூப்பிட்டுட்டீங்க?” என்றான்.

ஆடுகிற கை எது என்பதை இவரும் கவனித்துவிட்டார், கார்டைப் பற்றிக் கேட்கவில்லை. “மாப்ள, போன அந்தக் கைக்கு மாத்திப் புடி” என்றார்.

“எதுக்கு மாமா?”

“புடி.”

 பிறகு படம் ஆடியது, கூரை தெரிந்தது, சுவர் தெரிந்தது. மறுபடி அவன் முகம் வந்தபோது இடக் கை வெளியே இருந்தது. சுண்டு விரலும் அதற்கு அடுத்ததும் நகத்துக்கு மேலே கறுத்திருந்தன. அடுப்புக்கரி பட்ட மாதிரி என்று முதலில் நினைத்தேன். கரி இல்லை.

“மரக்கெளை ஒன்னு பட்டுச்சு மாமா. லேசாத்தான் பட்டுச்சு. கார்டு ஒடஞ்சிடுச்சு. திரும்பி வர ரொம்ப தூரம். துணியச் சுத்திக்கிட்டுதான் வந்தேன்” என்றான். “நுனி மட்டுந்தான். நிக்குமா விழுமான்னு கோடையிலதான் தெரியுமாம். மத்த வெரலெல்லாம் நல்லா இருக்கு. வேல செய்றேன்.”

“இன்னும் கார்டு மாட்டாமத்தான் ஓட்டுறியா?” என்றார் இவர்.

“துணியில பை மாதிரி தச்சிப் போட்டிருக்கேன்.”

“ஏன்டா, வேற வாங்க வேண்டியதுதான?” என்று நான் கத்தினேன். கடையில் ஆள் இருப்பது நினைவில் இல்லை.

அவன் என்னைப் பார்க்கவில்லை. “வேற மாட்டுனா மாமா போட்டோ கேப்பாங்களேக்கா” என்றான்.

என் கணவர் கார்டுத் துண்டை இன்னும் கையில் வைத்திருந்தார்.  வழக்கமாக இந்த இடத்தில் அவரிடம் ஒரு பதில் இருக்கும். வரணும், நாளைக்குப் பாருங்க, அதவிட நல்லது ஒன்னு இருக்கு. மேசையில் அந்த நல்லது இருக்கத்தான் செய்தது, ஆனால் அதன் ஜோடி எங்கே போனதோ. அது இருந்திருந்தாலும், போய்ச் சேர்வதற்குள் அவன் இன்னும் எத்தனை தடவை அந்த ஏரியைக் கடப்பானோ. விளக்கு எரிந்துகொண்டிருந்தது, மேசைக்கு எதிரே வாடிக்கையாளர் நின்றார்.

“மாப்ள, இன்னைக்கே அங்க உள்ள கடையில போயி நல்லதா வாங்கு. அவங்க எத மாட்டுறாங்களோ அத வாங்கு. வாங்கி மாட்டிட்டு வண்டிய எடு. நம்மகிட்ட இல்ல.”

தம்பிக்குப் புரியாமல் இருக்காது. சின்ன வயதில் எத்தனை விடுமுறைக்கு இந்தக் கடையில் உட்கார்ந்திருக்கிறான். “சரிங்க மாமா” என்றான். 

போனை வைத்ததும் இவர் எதிரே நின்றவரிடம் திரும்பினார். அவர் தயங்கித் தயங்கி, “மஞ்சள் வேணாங்க, நீங்க சொல்றதயே குடுங்க” என்றார். கேட் திறந்து, பைக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பின. அந்தச் சத்தத்துக்கு நடுவில் என் கணவர், இதுவரை யாரிடமும் கேட்காத ஒன்றை மெதுவாக அவரிடம் கேட்டார்.

“நீங்க எங்க ஓட்டப்போறீங்க?”